கிறிஸ்துமஸ் எதற்காக? ரங்கூன் தமிழர் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடங்களுக்கு மேலாக எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். டிசம்பர் பிறந்தால் போதும், கேள்விகள் வரிசை கட்டி வந்துவிடும். பிள்ளைகள் கேட்பார்கள். பீலிக்கான் முனீஸ்வரனுக்கு நேர்ந்துகொண்டிருக்கும் என் பெரியப்பா வீட்டார் கேட்பார்கள். எதிர்வீட்டுப் பர்மியப் பெரியவரும் கேட்பார். அவர்களுக்கு வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். வேத வசனங்களை நம் வீடுகளில் இருக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்தே எடுத்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் என்றால் இயேசுவின் பிறந்தநாள், அவ்வளவுதானே?

பிறந்தநாள்தான். ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். ஒரு தலைவரின் பிறந்தநாளை அவர் பின்னால் செய்த காரியங்களுக்காகக் கொண்டாடுகிறோம். கிறிஸ்துமஸில் பிறந்தவர் யார் என்பதே செய்தி. யோவான் சுவிசேஷம் அதை ஒரே வரியில் சொல்கிறது: "அந்த வார்த்தை மாம்சமாகி, கிருபையினாலும் சத்தியத்தினாலும் நிறைந்தவராய், நமக்குள்ளே வாசம்பண்ணினார்." உலகத்தை உண்டாக்கிய கடவுள், தாய்ப்பால் குடிக்கும் குழந்தையாக வந்தார் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறோம்.

'வாசம்பண்ணினார்' என்ற இடத்தில் மூலமான கிரேக்கச் சொல்லுக்குக் கூடாரம் போட்டுத் தங்கினார் என்று அர்த்தம். இதை எனக்குப் புரிய வைத்தது நர்கிஸ் புயல். 2008 மே 2ஆம் தேதி அடித்த அந்தப் புயலுக்குப் பிறகு ஐராவதி டெல்டா பக்கம் அரிசி மூட்டை கொண்டுபோனவர்களில் நானும் ஒருவன். படகில் போனோம், இறக்கினோம், சாயங்காலம் திரும்பிவிட்டோம். எங்களோடு வந்த போதகர் ஒருவர் மட்டும் திரும்பவில்லை. அந்தச் சனங்களோடு ஒரு நீலத் தார்ப்பாய்க்கு அடியிலேயே மூன்று மாதம் இருந்தார். அவர்கள் குடித்த கஞ்சியைக் குடித்தார், அவர்களுக்கு வந்த பேதி அவருக்கும் வந்தது. அடுத்த தடவை நான் போனபோது ஒரு கிழவி அவரைக் காட்டி, "இவர் எங்க ஆளு" என்றார். அரிசி கொடுத்த எங்களை அப்படிச் சொல்லவில்லை. யோவான் எழுதிய வரியைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தார்ப்பாய்தான் ஞாபகம் வருகிறது.

இந்துக்கள் சொல்லும் அவதாரமும் இதுவும் ஒன்றுதானே?

பெரியப்பா வருடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. அவர் மரியாதையோடு கேட்கிறார், நானும் அப்படியே பதில் சொல்கிறேன். கடவுள் மனிதரைத் தேடி இறங்கி வருகிறார் என்ற எண்ணம் இரண்டு பக்கமும் இருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவர்களும் 'மனித அவதாரம்' என்ற சொல்லைப் பயன்படுத்தத்தான் செய்கிறார்கள்.

ஆனால் நாங்கள் சொல்ல வருவதில் சில வித்தியாசங்கள் உண்டு. இது ஒரே தடவை நடந்தது என்கிறோம். எந்த ராஜா காலத்தில், எந்த ஊரில், எந்தத் தாய்க்கு என்று இடமும் காலமும் சொல்கிறோம். அப்புறம், வந்தவர் மனித உடம்பை வேஷமாகப் போடவில்லை. அவருக்குப் பசித்தது, களைத்துப் படகில் தூங்கினார், சிநேகிதன் செத்ததற்கு அழுதார், கடைசியில் செத்தும் போனார். உயிர்த்தெழுந்த பிறகும் அந்த உடம்பைக் கழற்றிப் போட்டுவிடவில்லை; ஆணித் தழும்புகளைத் தோமாவுக்குக் காட்டினார். கடவுள் மனிதனாகவே ஆகிவிட்டார், இனி திரும்பவும் 'வெறும் கடவுளாக' மட்டும் இருக்கப் போவதில்லை. எங்கள் விசுவாசத்தில் இதைவிட ஆச்சரியமான சங்கதி எனக்குத் தெரியாது.

இயேசு டிசம்பர் 25ஆம் தேதிதான் பிறந்தாரா? பைபிளில் தேதி இல்லையே?

இல்லைதான். நான்கு சுவிசேஷங்களில் மத்தேயுவும் லூக்காவும் மட்டுமே பிறப்பைச் சொல்கிறார்கள், அவர்களும் மாதமோ நாளோ எழுதவில்லை. வருடமும் நாம் நினைக்கிற மாதிரி சரியாக 'ஒன்றாம் வருடம்' கிடையாது. ஏரோது ராஜா கி.மு. 4இல் இறந்தான் என்பதே பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கணக்கு. அப்படியானால் இயேசு அதற்கு முன்பே பிறந்திருக்க வேண்டும்.

டிசம்பர் 25ஐக் கிறிஸ்து பிறப்பு நாளாகக் குறிக்கும் பழைய ரோமாபுரி ஏடு ஒன்று 354இல் தொகுக்கப்பட்டது; அதிலுள்ள பட்டியல் 336ஆம் வருடத்தது என்கிறார்கள். ஏன் அந்த நாள் என்பதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்வார்கள். 274இல் ஔரேலியன் என்ற ரோமப் பேரரசன் சூரிய தேவனின் வழிபாட்டைப் பெரிதாக்கினான், அந்தத் தேவனின் பண்டிகை நாளைச் சபை எடுத்துக்கொண்டது என்பது ஒன்று. மரியாள் கர்ப்பந்தரித்த நாளை மார்ச் 25 என்று வைத்து அதிலிருந்து ஒன்பது மாதம் கணக்குப் போட்டார்கள் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவது விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. எப்படியிருந்தாலும் தேதி விசுவாசப் பிரமாணத்தில் இல்லை.

இதற்கு ரங்கூனிலேயே ஒரு சாட்சி நிற்கிறது. மெர்ச்சன்ட் தெருப் பக்கம் 1862இல் கட்டிய ஆர்மேனியன் கோயில் இருக்கிறதே, அந்த ஆர்மேனியச் சபை கிறிஸ்து பிறப்பை ஜனவரி 6ஆம் தேதி கொண்டாடுகிறது. ரஷ்யர்கள் பழைய நாட்காட்டியைப் பின்பற்றுவதால் அவர்களுக்கு ஜனவரி 7. அவர்கள் கொண்டாடுவதும் இதே பிறப்பைத்தான்.

"சத்திரத்திலே இடமில்லை" என்று ஏன் இத்தனை தடவை பிரசங்கம் பண்ணுகிறார்கள்?

எனக்கு விட்டால் இன்னும் பத்து தடவை பண்ணுவேன். பர்மாவில் இருக்கும் தமிழனுக்கு கிறிஸ்துமஸ் கதையில் மிகவும் நெருங்கின இடம் இதுதான்.

லூக்கா எப்படி ஆரம்பிக்கிறார் பாருங்கள்: "உலகமெங்கும் குடிமதிப்பு எழுதப்படவேண்டுமென்று அகுஸ்து இராயனால் கட்டளை பிறந்தது." அதாவது, பெயரைப் பதியச் சொல்லி அரசாங்க உத்தரவு. நிறைமாத கர்ப்பிணியைக் கூட்டிக்கொண்டு யோசேப்பு பெத்லகேமுக்குப் போனது அதற்குத்தான். பதிவு, அட்டை, வரிசை என்றால் என்ன என்று நம் வீடுகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இளஞ்சிவப்பு அட்டையா, நீல அட்டையா, பச்சை அட்டையா என்பதை வைத்தே ஒருவருடைய வாழ்க்கை மாறிப் போனது. என் பாட்டி இந்த மண்ணில் பிறந்து இந்த மண்ணில் செத்தார். கடைசி வரை அவரிடம் இருந்தது வெளிநாட்டார் பதிவுத்தாள் ஒன்றுதான். மடித்து மடித்து நாலாகக் கிழிந்த அந்தத் தாளைப் பின்பக்கம் துணி ஒட்டி, பிஸ்கட் டின்னில் பைபிளுக்குக் கீழே வைத்திருந்தார்.

அந்தப் பாட்டி லூக்கா 2ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். "அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால்" என்ற இடம் வந்ததும், "ம், ஆமா" என்று ஒரு சத்தம் வரும். வேறு எந்த வசனத்துக்கும் அப்படி வராது.

சத்திரம் என்று நாம் படிப்பது இப்போதைய ஹோட்டல் மாதிரி இருந்திருக்க வேண்டியதில்லை. மூலத்திலுள்ள சொல்லுக்கு விருந்தினர் தங்கும் அறை என்றும் அர்த்தம் உண்டு. சொந்தக்காரர் வீட்டில் அறை நிரம்பிப்போய், ஆடுமாடு கட்டும் பக்கம் ஒதுங்கியிருக்கலாம் என்று வேத அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். முன்னணை என்பது மாட்டுக்குத் தீனி போடும் தொட்டி. குழந்தையைக் கிடத்தினது அதில்தான்.

அதோடு முடியவில்லை. கொஞ்ச காலத்தில் ஏரோது குழந்தையைக் கொல்லத் தேடுகிறான், ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்கு ஓடுகிறார்கள். ரங்கூன் மேல் ஜப்பான் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23ஆம் தேதியும் கிறிஸ்துமஸ் அன்றும். அதற்குப் பிறகு லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே போனார்கள், வழியிலேயே எத்தனையோ பேர் செத்தார்கள். நம் குடும்பங்களில் அந்த நடையில் யாரையாவது இழக்காத குடும்பம் குறைவு. கைக்குழந்தையோடு எல்லை தாண்டி ஓடின ஒரு குடும்பத்தில் கடவுள் இருந்தார் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். இதை அவர்களிடம் யாராவது சொன்னார்களா என்று நான் பல தடவை நினைத்ததுண்டு.

குழந்தையைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் மூன்று பேரா?

மத்தேயு எண்ணிக்கை சொல்லவில்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று மூன்று காணிக்கை இருந்ததால் மூன்று பேர் என்று வழக்கமாகிவிட்டது. ராஜாக்கள் என்றும் அவர் சொல்லவில்லை. கிழக்கிலிருந்து வந்த வானசாஸ்திரம் தெரிந்தவர்கள், அந்நியர்கள். முதலில் சேதி கேட்ட மேய்ப்பர்களோ ராத்திரியில் வயல்வெளியில் மந்தை காத்த எளிய சனங்கள். அவர்களிடம்தான் தூதன், "பயப்படாதிருங்கள், இதோ, எல்லா ஜனத்துக்கும் மிகுந்த சந்தோஷத்தை உண்டாக்கும் நற்செய்தியை உங்களுக்கு அறிவிக்கிறேன்" என்றான். நாடகத்தில் சாஸ்திரி வேஷத்துக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள், பளபளக்கும் உடுப்பு இருக்கிறதல்லவா! நான் கெட்டிக்காரப் பிள்ளையை மேய்ப்பனாகத்தான் போடுவேன்.

குடில் வைப்பது சிலை வணக்கம் ஆகாதா?

குடிலை யாரும் கும்பிடுவதற்காக வைப்பதில்லை. 1223இல் இத்தாலியில் கிரெச்சோ என்ற ஊரில் அசிசியின் பிரான்சிஸ், படிக்கத் தெரியாத சனங்கள் பெத்லகேமின் ஏழ்மையைக் கண்ணால் பார்க்கட்டும் என்று வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டுவந்து வைத்ததிலிருந்து அந்த வழக்கம் பரவியது. கத்தோலிக்க வீடுகளில் கண்டிப்பாக இருக்கும், நம்மில் சிலர் வைப்பதில்லை. வைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கடையில் விற்கும் பிளாஸ்டிக் குடிலை விட்டுவிட்டு, பிள்ளைகளோடு உட்கார்ந்து மூங்கிலும் கூரை வேயும் தனிக்கீற்றும் வைத்துக் கட்டுங்கள். டிசம்பர் அறுவடை மாதம், வைக்கோலுக்குப் பஞ்சமில்லை.

மரம், நட்சத்திரம், கிறிஸ்துமஸ் தாத்தா இதெல்லாம்?

மரம் ஜெர்மனி பக்கத்து வழக்கம். தாத்தாவின் மூலம் நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியில் இருந்த மீரா நகரத்து பிஷப் நிக்கோலாஸ். ஏழைகளுக்கு ரகசியமாக உதவினவர் என்று சொல்வார்கள். நட்சத்திரம் ஒன்றுதான் வேதத்தில் இருக்கிறது. வைத்தாலும் பாவமில்லை, வைக்காவிட்டாலும் குறைவில்லை.

டிசம்பர் முழுவதும் ராத்திரியில் கேரல் பாடிக்கொண்டு போவது எதற்கு? தூக்கம் கெடுகிறதே?

கெடுகிறதுதான், அதற்காக அக்கம்பக்கத்தாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த நாட்டில் கரேன் இனத்துக் கிறிஸ்தவர்கள் டிசம்பர் முதல் நாளையே பாட்டோடு வரவேற்பார்கள். அவர்களைப் பார்த்து நம் பையன்களுக்கும் உற்சாகம் வந்துவிடும். மேய்ப்பர்கள் கேட்ட செய்தியை வீட்டு வாசலில் போய்ச் சொல்வதுதான் கேரல்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு ராத்திரி, கரண்ட் போயிருந்த ஒரு தெருவில், நாலாவது மாடிக்கு ஏறினோம். கிதாரும் கஞ்சிராவும் வைத்துக்கொண்டு பதினாலு பேர், ஒரே ஒரு டார்ச். கதவைத் திறந்தது எங்கள் சபையின் பழைய அங்கத்தினரான ஒரு அம்மா. பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில், தனியாக இருந்தார். பாட ஆரம்பித்ததும் அவர் உள்ளே போய்விட்டார். கோபமோ என்று நினைத்தோம். ஒரு மெழுகுவர்த்தியும், தட்டு நிறைய அச்சுமுறுக்கும் எடுத்துக்கொண்டு வந்தார். "சாயங்காலமே சுட்டேன், யாராவது வருவீங்கன்னு" என்றார். அந்த வீடு எங்கள் பட்டியலிலேயே இல்லை. மாடி மாறித் தட்டிவிட்டோம். அதை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. அடுத்த வருடத்திலிருந்து பட்டியலில் முதல் வீடு அதுதான்.

கிறிஸ்துமஸ் ஒரே நாள் பண்டிகையா?

இல்லை. முன்னால் நான்கு ஞாயிறுகள் ஆயத்த காலம். நாங்கள் அட்வெந்து என்போம், கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்பார்கள். வாரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். வந்தவரை நினைப்பதும் திரும்ப வரப்போகிறவருக்குக் காத்திருப்பதும் அதில் சேர்ந்தே இருக்கிறது. 25க்குப் பிறகு பன்னிரண்டு நாள், அப்புறம் ஜனவரி 6இல் சாஸ்திரிகள் வந்ததை நினைக்கும் திருநாள். 26ஆம் தேதி காலையிலேயே நட்சத்திரத்தைக் கழற்றிவிடாதீர்கள்.

சில சபைகளில் கிறிஸ்துமஸே கொண்டாடுவதில்லையே?

வேதத்தில் கட்டளை இல்லாத நாளை அனுசரிக்க மாட்டோம் என்கிறவர்கள் உண்டு. பவுல் ரோமருக்கு எழுதினதில், நாளை விசேஷமாக எண்ணுகிறவனும் எண்ணாதவனும் "தன் தன் மனதில் முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்" என்கிறார். அவர்களோடு சண்டை வேண்டாம்.

பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை. பர்மிய மொழியில் கிறிஸ்துமஸ் ஆராதனை வைக்கலாமா?

எங்கள் சபையில் பெரிய வாக்குவாதமே நடந்த விஷயம் இது. தமிழ் போய்விட்டால் நாம் யார் என்று பெரியவர்கள் கேட்டார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் சனிக்கிழமைகளில் தமிழ் எழுத்தும் சொல்லிக் கொடுக்கிறேன்.

ஆனால் வார்த்தை மாம்சமானது என்று நம்புகிற நாம், அந்த வார்த்தை பிள்ளைக்குப் புரிகிற மொழியில் வரக்கூடாது என்று சொல்ல முடியாது. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு உட்கார்ந்து தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்ததால்தான் நம் முன்னோர்கள் கேட்டார்கள். 1813இல் ரங்கூனுக்கு வந்த அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1834இல் முழு வேதத்தையும் பர்மிய மொழியில் முடித்தார். நடுவில் அப்போதைய பர்மியத் தலைநகரான ஆவாவில் சிறையில் விலங்கோடு கிடந்தபோது கையெழுத்துப் படியைத் தலையணைக்குள் தைத்து வைத்துக் காப்பாற்றினார்கள். பர்மிய மொழியில் 'பயா' என்றால் புத்தரையும் பகோடாவையும் குறிக்கும். கடவுளை 'பயா தகின்' என்று கிறிஸ்தவர்கள் அழைக்கிறார்கள். நம் பிள்ளைகள் கனவு காண்பதே அந்த மொழியில்தான். இப்போது நாங்கள் லூக்கா 2ஐ முதலில் தமிழில் ஒரு பெரியவரும், பிறகு பர்மிய மொழியில் ஒரு பிள்ளையும் வாசிக்கும்படி வைத்திருக்கிறோம். ஆராதனை கால்மணி நேரம் நீளுகிறது. பரவாயில்லை.

நாடு இப்படி இருக்கும்போது கொண்டாட மனசு வருமா?

2021 டிசம்பர் 24ஆம் தேதி கயா மாநிலத்தில் மோ சோ கிராமத்தருகே முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொன்று எரிக்கப்பட்டார்கள். அடுத்த நாள் காலை எங்கள் ஆலயத்தில் பாட்டு எடுத்தவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சின் மாநிலத்திலும் கயாவிலும் எத்தனையோ சனங்கள் ஆலயமும் வீடும் இல்லாமல் காட்டில் தார்ப்பாய் கட்டிக் கிறிஸ்துமஸ் ஆசரிக்கிறார்கள்.

அந்த வருடம்தான் முதல் முறையாக மத்தேயு 2ஆம் அதிகாரத்தைக் கடைசி வரை ஆலயத்தில் வாசித்தோம். பெத்லகேமின் ஆண் குழந்தைகளை ஏரோது கொன்ற பகுதியைப் பண்டிகை நாளில் எதற்கு என்று எப்போதும் விட்டுவிடுவோம். அது கதைக்குள்தான் இருக்கிறது. 'சமாதானம்' என்று தூதர்கள் பாடினது அமைதியான நாட்டில் இல்லை, ரோமப் படை ஆண்ட நாட்டில். "பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார்" என்று கர்ப்பிணியான மரியாள் பாடினதும் அங்கேதான்.

ஆகவே கொண்டாடுவோம். ஆடம்பரத்தைக் குறைத்துக்கொள்வோம். எங்கள் சபையில் மேடை அலங்காரத்தை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை இடம்பெயர்ந்தவர்களுக்கு அனுப்புகிறோம். புதுத் துணி பிள்ளைகளுக்கு மட்டும். பாட்டை மட்டும் குறைக்கவில்லை.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வரலாமா? என்ன செய்ய வேண்டும்?

தாராளமாக வாருங்கள். யாரும் உங்களை எதையும் சொல்லவோ செய்யவோ வற்புறுத்தக் கூடாது. வற்புறுத்தினால் என்னிடம் சொல்லுங்கள். பாட்டுக்கு எழுந்து நிற்போம், நீங்கள் உட்கார்ந்திருந்தாலும் தவறில்லை. காணிக்கைப் பை வரும்போது அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். கத்தோலிக்க ஆலயத்துக்குப் போனால் நற்கருணை வாங்க மட்டும் போக வேண்டாம், அது ஞானஸ்நானம் பெற்ற அவர்களுக்கு உரியது.

நடுராத்திரி ஆராதனை முன்பு உண்டு. ராத்திரி நடமாட்டத் தடை வந்த பிறகு 24ஆம் தேதி சாயங்காலமே வைத்துவிட்டோம், 25ஆம் தேதி காலையில் இன்னொன்று. காலை ஆராதனை முடிந்ததும் சாப்பாடு. பர்மியர்கள் திருவிழா நாளில் நாலு திசையிலிருந்தும் வருகிறவர்களுக்கெல்லாம் 'சதுதித்தா' என்று சோறு போடுவார்களே, அந்த மாதிரி எங்கள் வாசலிலும் போடுகிறோம். தன்பவுக் பிரியாணி ஒரு அண்டா, ஆடுமாடு சாப்பிடாதவர்களுக்காகச் சாம்பார் சாதம் ஒரு அண்டா. பெரியப்பா வீட்டார் எட்டுப் பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எதிர்வீட்டுப் பெரியவருக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. அவருக்குக் கீழேயே ஒரு நாற்காலி போட்டு வைப்போம்.